சூரத்தின் கும்மட்டக் கல்லறைகள்: இங்கிலாந்துக்குப் போனது எது?

சூரத் நகரில், வைரப் பட்டறைகள் நெருக்கியடித்து நிற்கும் கதார்காம் பக்கம், மதில் சூழ்ந்த பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. சற்றுத் தள்ளி டச்சுக்காரர்களுடையதும் ஆர்மீனியர்களுடையதும். இவை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. முதல்முறை பார்க்கிறவர் இவற்றை யாரோ ஒரு முகலாய சுபேதார் குடும்பத்தின் ரோசா (கல்லறை மாளிகை) என்றே எடுத்துக்கொள்வார். உயர்ந்த மேடை, கனத்த தூண்கள், வளைவுகள், எல்லாவற்றுக்கும் மேலே கும்மட்டம். கிட்டே போனால்தான் கல்வெட்டு லத்தீனில் இருப்பது தெரியும். உள்ளே கிடப்பவர்கள் கென்ட் மாவட்டத்திலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் வணிகம் செய்ய வந்து, காய்ச்சலிலோ வயிற்றுக்கடுப்பிலோ மாண்டுபோன கிழக்கிந்தியக் கும்பினி ஊழியர்கள்.

இந்தக் கட்டடங்களைப் பற்றி இரண்டு கதைகள் வழங்கி வருகின்றன. உள்ளூர்க் கதை, ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் ஒருவரை ஒருவர் விஞ்சுவதற்காகச் செத்தவர்களுக்குக்கூடப் போட்டி போட்டு மாளிகை கட்டினார்கள் என்கிறது. இரண்டாவது கதை இங்கிலாந்தில் பிறந்தது. கடந்த கால் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. அந்நாட்டின் பரோக் பாணிக் கட்டடக்கலைஞர் ஜான் வான்ப்ரூ இளமையில் சூரத்தில் வேலை பார்த்தவர். இக்கல்லறைகளைக் கண்ணால் கண்டவர். ஆகவே இங்கிலாந்தில் தேவாலயத்தை விட்டு விலகித் தனித்து நிற்கும் கல்லறை மண்டபம் தோன்றியதற்குச் சூரத்தே மூலம் என்பது அது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனது எது, போகாதது எது என்று பிரித்துப் பார்க்காமல் இதை ஏற்பதற்கில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி அதுதான்.

இரண்டு சகோதரர்கள், ஒரு கட்டடம்

ஆங்கிலேயக் கும்பினியின் பண்டகசாலை சூரத்தில் நிலைபெற்றது 1613இல். மேற்கிந்திய வணிகம் பம்பாய்க்குப் பெயரும் வரை, ஆங்கிலேயருக்கு இந்தியாவில் தலைமையிடம் என்றால் சூரத்துதான். அங்கே அவர்கள் குடியிருப்பவர்கள், ஆள்பவர்கள் இல்லை. கோட்டை முகலாயருடையது, சுங்கம் முகலாயருடையது, நீதிமன்றமும் முகலாயருடையது. பண்டகசாலைக்குள் வழிபாட்டுக்கென்று ஒதுக்கிய அறைக்கு மேல் அவர்களுக்குத் தேவாலயம் என்று ஒன்று கிடையாது. இந்தக் கடைசிச் செய்தியின் முக்கியத்துவம் பின்னால் தெரியவரும்.

கிறிஸ்டோபர் ஆக்சிண்டன் 1659 ஏப்ரலில் சூரத்தில் இறந்தார். அவர் கும்பினியின் வணிகர்களில் ஒருவர், அவ்வளவுதான். அண்ணன் சர் ஜார்ஜ் ஆக்சிண்டனோ 1662 முதல் சூரத்தின் தலைவர். 1664 ஜனவரியில் சிவாஜியின் படை நகருக்குள் புகுந்தபோது, முகலாய ஆளுநர் கோட்டைக்குள் ஒளிந்துகொள்ள, பண்டகசாலையைக் கைவிடாமல் காத்து நின்றவர். பம்பாய்த் தீவு கும்பினியின் கைக்கு வந்ததும் அதன் ஆளுநர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1669 ஜூலையில் அவரும் சூரத்திலேயே இறந்தார்.

தம்பிக்கு ஏற்கெனவே ஒரு கும்மட்டக் கல்லறை இருந்தது. அண்ணனுக்குத் தனியாக ஒன்று கட்டாமல், தம்பியின் கல்லறையை உள்ளடக்கி அதன் மேலேயே பெரியதாக இன்னொன்றை எழுப்பினார்கள். பம்பாய் மாகாண கெசட்டியர் காலத்திலிருந்து எல்லோரும் எடுத்தாளும் அளவுகள்: உயரம் ஏறத்தாழ 40 அடி, குறுக்களவு 25 அடி. பருத்த தூண்கள், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கும்மட்டங்கள், உட்புறத்தைச் சுற்றி ஓடும் மாடம், அதற்கு ஏறிப்போகப் படிக்கட்டு.

இந்தப் படிக்கட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முகலாயக் கல்லறையில் உண்மையான புதைகுழி கீழறையில் இருக்கும். மேலே மக்கள் காண்பது வெறும் அடையாளக் கல். சுற்றிலும் தோட்டம், நீரோடை, நான்கு திசையிலும் ஒத்த முகப்பு. ஆக்சிண்டன் கல்லறையில் தோட்டம் இல்லை. அதற்கு இடமும் இல்லை. அகலத்தில் கிடைக்காத கம்பீரத்தை உயரத்தில் தேடியிருக்கிறார்கள். ஒரு கல்லறையை இன்னொன்றுக்குள் வைப்பதும் முகலாய வழக்கத்தில் காணும் முறையன்று. உறுப்புகள் குஜராத்தி, முகலாயக் கட்டடக்கலையிலிருந்து வந்தவை. அவற்றைச் சேர்த்த விதம் இந்த ஒரு குடும்பத்தின் தேவைக்காக அந்த இடத்திலேயே யோசித்துச் செய்தது. ஆகவே இதை 'முகலாயப் பாணிக் கல்லறை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது பாதி உண்மைதான்.

கிறிஸ்டோபரின் லத்தீன் கல்வெட்டு வெளியே உள்ள கும்மட்டத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு குரலில் பேசுகிறது. அது ஒரு பேரேட்டின் மொழி. அவருக்கு ஆண்டுகளை எண்ண வாய்க்கவில்லை, நாட்களைத்தான் எண்ண முடிந்தது. சாவு திடீரென்று வந்து கணக்கைக் காட்டு என்று கேட்டுவிட்டது என்கிறது. பிறகு எசமானர்களை நோக்கித் திரும்பி, லாபநட்டம் என்ன என்று கேட்கிறீர்களா என்று வினவுகிறது: நீங்கள் ஒரு பணியாளனை இழந்தீர்கள், நாங்கள் ஒரு தோழனை, அவன் தன் உயிரை, ஆனால் ஏட்டின் மறுபக்கத்தில், சாவு எனக்கு ஆதாயம் என்று அவன் எழுதிக்கொள்ளலாம். கடைசி வரி பவுலின் நிருபத்திலிருந்து எடுத்தது. பற்றும் வரவும் பார்த்தே பழகிய கணக்கப்பிள்ளைகள் தம்மில் ஒருவனுக்குச் செய்த இரங்கல் இது. இந்திய மண்ணில் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கல்வெட்டுகளில் இதற்கு ஈடாக மனிதவாடை வீசுவதை நான் படித்ததில்லை. உள்ளே ஒரு வணிகனின் சிரிப்பு, வெளியே ஓர் அமீரின் கும்மட்டம். இந்த இரட்டைத்தன்மைதான் சூரத்துக் கல்லறைகளின் அடிப்படைக் குணம்.

டச்சுக்காரரின் பதில்

ஹென்ரிக் ஆட்ரியான் வான் ரீடு தாவரவியல் படித்தவர்களுக்கு அறிமுகமான பெயர். மலபார்க் கரையின் செடிகொடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' அவர் முயற்சியில் விளைந்தது. நமக்கு அவர் வேறொரு வகையிலும் தொடர்புடையவர்: சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைமையிடம் 1690இல் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது அவர் ஆணையாளராக வந்த காலத்து ஏற்பாடு. டச்சுக் கும்பினி ஊழியர்களின் ஊழலை விசாரிப்பதற்கென்றே முழு அதிகாரத்தோடு அனுப்பப்பட்டவர். வங்காளம், சோழமண்டலம், மலபார் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சூரத்துக்குக் கப்பலேறினார். 1691 டிசம்பர் 15இல் வழியிலேயே கடலில் இறந்தார். அவரை 1692 ஜனவரித் தொடக்கத்தில் சூரத்தில் அடக்கம் செய்தார்கள்.

கும்பினிக் காசை ஊழியர்கள் வீணடிக்கிறார்களா என்று பார்க்க வந்தவருக்குச் சூரத்தின் ஆகப்பெரிய கல்லறை கட்டப்பட்டது. பிற்காலத்தில் அதைப் பழுதுபார்த்ததற்கு மட்டும் ரூ.6,000 கும்பினிக் கணக்கில் எழுதப்பட்டதாகவும் செய்தி உண்டு. பல பட்டைகள் கொண்ட கட்டடம், இரட்டைக் கும்மட்டம், கீழும் மேலும் தூண்கள் தாங்கும் சுற்று மாடம். ஒரு காலத்தில் உட்சுவர்களில் வண்ண ஓவியங்களும் குலச்சின்னங்களும் வேதாகம வாசகங்களும் இருந்தன. சன்னல்களில் நுணுக்கமான மரச் செதுக்கு வேலை இருந்தது. மரவேலை சூரத்தின் கைவண்ணம். அந்நகரத்துப் பழைய வீடுகளின் முகப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உள்ளூர்க் கதை சொல்லும் போட்டி இதில்தான் ஆதாரம் தேடுகிறது. ஆக்சிண்டனுக்கு 1669இல் கட்டினார்கள், அதைப் பார்த்து டச்சுக்காரர்கள் 1692இல் அதைவிடப் பெரிதாகக் கட்டினார்கள். வரிசை சரிதான். நோக்கம் அதுதான் என்பதைக் கட்டடத்தின் பருமன் ஒன்றை வைத்தே முடிவுகட்டியிருக்கிறார்கள். போட்டி இருந்திருக்கும், ஆனால் அந்தப் போட்டிக்கு நடுவர் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்த இயக்குநர்கள் இவற்றைப் பார்க்கப் போவதில்லை. பார்த்தவர்கள் சூரத்தின் துறைமுக அதிகாரிகள், போரா வணிகர்கள், பனியாத் தரகர்கள், ஹஜ்ஜுக்குக் கப்பலேற வந்த யாத்ரீகர்கள். அவர்களுக்குப் புரிந்த பெருமையின் மொழி கும்மட்டம்.

கும்மட்டம் ஏன்?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கங்களில் முதலாவது, ஐரோப்பியர் 'முகலாயராகிவிட்டார்கள்' என்பது. பண்டகசாலைத் தலைவர் வெளியே கிளம்பினால் கொடி, குதிரை, வாத்தியம், பல்லக்கு என்று ஊர்வலமாகப் போனதைப் பயண நூல்கள் விவரிக்கின்றன. வாழும்போது அமீரைப் போல வாழ்ந்தவர் செத்த பிறகும் அமீரைப் போலக் கிடக்க விரும்பினார் என்பது தர்க்கம். 1689இல் சூரத்துக்கு வந்த பாதிரியார் ஜான் ஓவிங்டன் தம் நூலில், கோபுரங்களும் மினார்களும் கொண்ட ஆங்கிலேயக் கல்லறைகளில் இரண்டைச் சிறப்பித்துச் சொல்கிறார்: ஒன்று ஆக்சிண்டனுடையது, இன்னொன்று தலைவர் ஜெரால்ட் ஆங்கியருடையது. (ஜார்ஜ் என்பதை ஜான் என்று எழுதிவிட்டார், நேரில் பார்த்தவர் சாட்சியத்தையும் சரிபார்த்துத்தான் கொள்ள வேண்டும்.) அதே ஓவிங்டன் ஒரு டச்சுத் தளபதியின் கல்லறையைப் பற்றியும் சொல்கிறார். உச்சியில் மூன்று பெரிய மதுக் கிண்ணங்கள் அமைக்கப்பட்டிருந்தனவாம். நண்பர்கள் அங்கே கூடி, இறந்தவரை நினைத்துக் குடித்துக் குடித்துத் தம்மையே மறந்துவிடுவார்களாம்.

இந்தக் கிண்ணக் கதையை வேடிக்கையாக மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். கட்டடத்தின் பயன்பாட்டுக்கு நம்மிடம் உள்ள அரிய சான்று இது. மாடமும் படிக்கட்டும் வெறும் அலங்காரம் என்று எண்ணத் தேவையில்லை. ஆட்கள் கூடினார்கள், உட்கார்ந்தார்கள், காற்று வாங்கினார்கள். முகலாய உலகிலும் தோட்டக் கல்லறைகள் பொழுதுபோக்கும் இடங்களாக இருந்தன. அன்றைய இங்கிலாந்தில் ஒரு பெரிய மனிதரின் கல்லறை தேவாலயத்துக்குள் பலிபீடத்தருகே இருக்கும். அதன்மேல் ஏறி உட்கார்ந்து யாரும் குடிக்க முடியாது.

இரண்டாவது விளக்கம் கொத்தனார்களைப் பற்றியது. செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் வேலை செய்த உள்ளூர் மேஸ்திரிகளுக்குக் கைவந்த வடிவம் எதுவோ அதைத்தான் கட்டினார்கள். இந்த ஊகம் வலுவானது. சூரத்துக் கோட்டையைக் கட்டிய குதாவந்த் கானின் ரோசா அதே நகரில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரிகளுக்கு முன்மாதிரி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டால் வேலை கொடுத்தவர்கள் கைகட்டி நின்றார்கள் என்று ஆகும். வான் ரீடு விஷயத்தில் இன்னொரு வேறுபாடும் கண்ணில் படுகிறது. அவருடைய நூலின் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் பெயரும், மூன்று கொங்கணிப் பண்டிதர்கள் பெயரும் அவர்களது சான்றுரைகளோடு அச்சாயின. அவருடைய கல்லறையில் எந்தக் கொத்தனாரின் பெயரும் இல்லை.

மூன்றாவது, நான் மேலே குறிப்பிட்டுவிட்டு வந்தது: தேவாலயம் இல்லாமை. கிறிஸ்தவ ஐரோப்பாவில் பிணத்துக்கு அந்தஸ்தைக் கொடுத்தது இடம். பலிபீடத்துக்கு எவ்வளவு அருகில் என்பதே கணக்கு. பெரிய குடும்பத்தார் தேவாலயச் சுவரில் பளிங்குச் சிலை வைப்பார்கள்; ஏழைகள் வெளி முற்றத்தில், அடையாளமின்றி. கோவாவிலும் கொச்சியிலும் போர்த்துகீசியர் தம் தேவாலயத் தரையிலேயே புதைத்துக் கல் பதித்தார்கள். அவர்களுக்குக் கும்மட்டம் தேவைப்படவில்லை. சூரத்தில் அந்த அளவுகோலே கிடையாது. நகர வாசலுக்கு வெளியே ஒரு நிலம். அதில் ஒருவருக்கும் மற்றவருக்கும் வேறுபாடு காட்ட ஒரே வழி கட்டடத்தின் அளவு. இந்தச் சூழலை முதலில் சந்தித்தவர்களும் ஆங்கிலேயர் இல்லை. ஆக்ராவின் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஆர்மீனிய வணிகர் ஒருவருக்கு 1611லேயே கும்மட்டம் எழுந்துவிட்டது. முகலாய நகரத்தில் ஒரு கிறிஸ்தவன் எப்படிப் பெருமையோடு புதைபடுவது என்பதற்கு ஆர்மீனியர் விடை கண்டு அரை நூற்றாண்டு கழித்துத்தான் ஆக்சிண்டன் குடும்பம் வருகிறது. ஐரோப்பியரை மட்டுமே பார்க்கும் எழுத்துகளில் இந்த ஆர்மீனியப் படி விடுபட்டுப்போகிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. கல்லறைமேல் கட்டடம் எழுப்புவதை இஸ்லாமிய ஆசாரவாதிகள் விரும்பியதில்லை; ஔரங்கசீப்பின் சொந்தக் கல்லறை குல்தாபாதில் மேற்கூரையின்றித் திறந்த வெளியில் கிடக்கிறது. அந்தப் பேரரசருடைய துறைமுகத்தில், அவர் ஆட்சி நடக்கும்போதே, கும்பினி ஊழியர்கள் கும்மட்டத்தின் மேல் கும்மட்டம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வான்ப்ரூ வரைந்த படம்

1711இல் லண்டனில் 50 புதிய தேவாலயங்கள் கட்டச் சட்டம் வந்தது. அதற்கான ஆணையத்தில் ஒருவரான வான்ப்ரூ ஒரு குறிப்பறிக்கை எழுதினார். தேவாலயத்துக்குள் பிணம் புதைப்பது கூடாது. நகரின் விளிம்பில் நிலம் வாங்கி, ஒழுங்கான மதில் எழுப்பி, மரம் நட்டு, அங்கே கல்லறைகள் அமைக்க வேண்டும். அப்படிச் செய்தால் சுவரிலும் தூணிலும் ஒட்டவைத்த அற்பப் பளிங்கு அலங்காரங்களுக்குப் பதில், செல்வந்தர்கள் கல்லால் கம்பீரமான மண்டபங்களை எழுப்புவார்கள் என்றார். இந்த முறை சூரத்து ஆங்கிலேயரிடம் நடைமுறையில் இருக்கிறது என்று எழுதி, பக்கத்தில் அக்கல்லறைத் தோட்டத்தைப் படமாகவும் வரைந்தார். அந்தத் தாள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது.

வெகுகாலம் ஆய்வாளர்களுக்கு இது புதிராகவே இருந்தது. நாடகாசிரியர், படைவீரர், பாஸ்டில் சிறையில் கிடந்தவர் என்று வான்ப்ரூவின் வாழ்க்கையில் பல அத்தியாயங்கள் தெரியும், இந்தியா தெரியாது. யாரோ சொல்லக் கேட்டு வரைந்திருப்பார் என்று விட்டுவிட்டார்கள். 1990களின் இறுதியில் ஆய்வாளர் ராபர்ட் வில்லியம்ஸ் கும்பினி ஆவணங்களிலிருந்து, 1683இல் வான்ப்ரூ கும்பினி வேலையில் சேர்ந்து சூரத்துக்குக் கப்பலேறியதையும், 1685இல் அவ்வேலையை விட்டுக் கிளம்பியதையும் எடுத்துக்காட்டினார். படம் வரைந்தவர் நேரில் பார்த்தவர் என்பது உறுதியாயிற்று. இது உண்மையான கண்டுபிடிப்பு; இதன்மேல் கட்டப்பட்ட முடிவுகள் எல்லாம் அதே அளவு உறுதியானவை என்று சொல்ல முடியாது.

காலத்தை எடுத்துக்கொள்வோம். 1685இல் கிளம்பியவர் வான் ரீடின் கல்லறையைப் பார்த்திருக்க வழியில்லை; அது எழுந்தது 1692க்குப் பிறகு. ஆனால் இன்று சூரத்துக் கல்லறை என்றதும் பெரும்பாலும் அந்த டச்சுக் கட்டடத்தின் படத்தைப் போட்டு, பக்கத்தில் இங்கிலாந்துக் கட்டடத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீடு நிற்காது. அவர் பார்த்தது ஆக்சிண்டன், ஆங்கியர், அவர்களைச் சூழ்ந்திருந்த சிறிய கல்லறைகள். அவர் வரைந்ததும் அங்கிருந்து வந்து ஏறத்தாழ 26 ஆண்டுகள் கழித்து. நினைவிலிருந்து வரைந்த படத்தில் வாதத்துக்கு வேண்டிய கம்பீரம் கூடியிருக்கும். அதை அளவெடுத்த வரைபடமாகக் கொள்ளக் கூடாது.

அடுத்து, யோசனை யாருடையது? அதே 1711இல், அதே தேவாலயங்கள் பற்றி முதிய கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் எழுதிய கடிதமும் தேவாலயத்துள் புதைப்பதை எதிர்க்கிறது. நகருக்கு வெளியே மதிலும் மரங்களும் கொண்ட கல்லறைத் தோட்டங்களைக் கேட்கிறது. ரென் இந்தியா பக்கமே வந்ததில்லை. 1666 லண்டன் பெருந்தீக்குப் பின் எழுத்தாளர் ஜான் ஈவ்லினும் இதையே வற்புறுத்தினார். ஆகவே கல்லறையை ஊருக்கு வெளியே கொண்டுபோகும் கருத்து லண்டனில் சூரத்தை நம்பிப் பிறக்கவில்லை. மற்றவர்கள் நியாயம் பேசிக்கொண்டிருந்த இடத்தில், இதோ ஆங்கிலேயர்களே செய்து காட்டிவிட்டார்கள் என்று முன்னுதாரணம் நீட்ட வான்ப்ரூவால் முடிந்தது. ஆணையத்தைப் போன்ற சபைகளில் நியாயத்தைவிட முன்னுதாரணத்துக்கு மதிப்பு அதிகம். சூரத்து செய்த வேலை அது. சிறிய வேலையும் அன்று.

கேசில் ஹவர்ட் மண்டபம்

யார்க்ஷயரில் மூன்றாம் கார்லைல் பிரபுவின் மாளிகையான கேசில் ஹவர்ட், 1699இல் வான்ப்ரூ கட்டடக்கலையில் கால்வைத்த முதல் வேலை. அதன் தோட்டத்தில், மாளிகையிலிருந்து எட்டி நிற்கும் குன்றின்மேல், 20 டோரிக் தூண்கள் சூழ்ந்த வட்ட வடிவக் கல்லறை மண்டபம் நிற்கிறது. உயரம் சுமார் 90 அடி. மேற்கு ஐரோப்பாவில் உரோமர் காலத்துக்குப் பிறகு எழுந்த முதல் தனித்த கல்லறை மண்டபம் என்று இதைச் சொல்வது வழக்கம். 'முதல்' என்ற சொல்லை வைத்து நடக்கும் வாதங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் முற்றத்தில் ஜார்ஜ் மெக்கன்சிக்கு ஜேம்ஸ் ஸ்மித் கட்டிய கும்மட்டக் கல்லறை 1691ஐச் சேர்ந்தது. வான் ரீடு கடலில் இறந்த அதே ஆண்டு. அது தேவாலய முற்றத்துக்குள் இருப்பதால் கணக்கில் வராது என்று வாதிடலாம். ஆனால் தனித்து நிற்கும் கும்மட்டக் கல்லறை என்ற வடிவத்தைப் பிரித்தானியக் கண்கள் யார்க்ஷயருக்கு முன்பே பார்த்திருந்தன. ஸ்மித்துக்கு மாதிரி உரோமாபுரியில் கிடைத்தது.

இன்னும் முக்கியமான விஷயம், கேசில் ஹவர்ட் மண்டபத்தை வடிவமைத்தவர் வான்ப்ரூ இல்லை என்பது. அவர் 1726இல் இறந்தார். நிக்கொலஸ் ஹாக்ஸ்மூர் வரைந்து 1729இல் வேலை தொடங்கியது. ஹாக்ஸ்மூரும் 1736இல் போய்ச் சேர்ந்தார். கட்டச் சொன்ன கார்லைல் பிரபுவே முடிவதற்குள் 1738இல் இறந்துவிட்டார். ஹாக்ஸ்மூர் இங்கிலாந்தைத் தாண்டி எங்கும் போகாதவர். அவருக்கு முன்னால் இருந்தவை உரோமில் சிசிலியா மெட்டெல்லாவின் கல்லறை போன்ற பழங்காலச் சின்னங்களின் படங்கள். தூண்களுக்கிடையே விட்ட இடைவெளி பண்டைய இலக்கணத்துக்கு ஒவ்வாது என்று பர்லிங்டன் பிரபு குறை சொன்னபோது நடந்த வாதமும் முழுக்க உரோம, கிரேக்க முன்மாதிரிகளைப் பற்றியதுதான். மூடிய உருளைச் சுவர், நெருங்கிய தூண்கள், தாழ்ந்த கும்மட்டம்: திறந்த வளைவுகளும் ஏறிப்போகும் மாடமும் கொண்ட சூரத்துக் கட்டடத்தோடு இதற்கு உருவ உறவு காட்டுவது கடினம். இரண்டிலும் கும்மட்டம் இருக்கிறதே என்றால், உரோமின் பந்தியனிலும் இருக்கிறது.

வான்ப்ரூவின் பங்கை முற்றிலும் மறுக்கவும் இயலாது. 1722இல் மார்ல்பரோ கோமகன் இறந்த சமயம் கார்லைலுக்கு எழுதிய கடிதத்தில், பாதிரிமார் பிணங்களைத் தம் வசமாக்கிக் காசு பார்க்கத் தொடங்குவதற்கு முன், நாகரிகமடைந்த மக்கள் எப்படிப் புதைத்தார்களோ அப்படியே செய்யலாம் என்கிற பொருளில் எழுதுகிறார். கார்லைலின் மனத்தில் தனி மண்டபம் என்ற விதையை இட்டவர்களில் அவர் ஒருவர். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் சாட்சிக்குக் கூப்பிடுவது பண்டைய மக்களை. ஆணையத்துக்குச் சூரத்து, பிரபுவுக்குப் பழங்காலம் என்று ஆளுக்குத் தகுந்த உதாரணம் கையில் வைத்திருந்தவர். வான்ப்ரூவின் உடல் லண்டனில் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்துக்குள் புதைக்கப்பட்டது. கட்டியவர் ரென். புதைக்கக் கூடாது என்று சொன்ன இருவரில் ஒருவர் கட்டிய தேவாலயத்துக்குள் மற்றவர்.

ஆகவே என் முடிவு இதுதான்: கும்மட்டமும் வளைவும் மினாரும் சூரத்திலேயே தங்கிவிட்டன. கடல் கடந்து போனது ஓர் ஏற்பாடு. தேவாலயத்தோடு ஒட்டாத, மதிலால் வரையறுத்த, இறந்தவர்களுக்கென்றே ஒதுக்கிய நிலம். அதில் ஒவ்வொருவரும் தம் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ளும் உரிமை. இதற்கு நெருங்கிய உறவு தேட வேண்டிய இடம் ஒரு பிரபுவின் தனிக் குன்று இல்லை. ஊர்ப் பொதுக் கல்லறைத் தோட்டம். லண்டனில் அப்படி ஒன்று, கென்சல் கிரீன், திறந்தது 1833இல். வான்ப்ரூவின் குறிப்புக்கும் அதற்கும் இடையே 120 ஆண்டுகள். நடுவில் கல்கத்தாவின் தெற்கு பார்க் தெருக் கல்லறைத் தோட்டம் 1767இலும், பாரிசின் பெர் லஷேஸ் 1804இலும் வந்துவிட்டன. நேர்க்கோடு போட்டுக் காட்டுகிறவர்கள் இந்த 120 ஆண்டுகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

சோழமண்டலக் கரையும் கல்கத்தாவும்

தேவாலயம் இல்லாத இடத்தில்தான் கும்மட்டம் என்ற என் விளக்கத்துக்குச் சென்னை ஓர் உரைகல். அதே கும்பினி, ஏறத்தாழ அதே காலம். ஆனால் இங்கே கோட்டை அவர்களுடையது. 1680 அக்டோபரில் கோட்டைக்குள் புனித மரியாள் தேவாலயம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் இறந்த கும்பினி அலுவலர் ஜோசப் ஹின்மரை, கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்த பழைய இடுகாட்டில் புதைத்து, மேடைமேல் கூர்ந்து உயரும் தூபி எழுப்பினார்கள். 1688இல் சென்னையின் அன்றைய ஆளுநர் எலிஹு யேலின் சிறு மகன் டேவிட்டும் அதிலேயே அடக்கமானான். பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளிலும் இத்தகைய கூர்ந்த தூபிகள் உண்டு. சூரத்து போன்ற முகலாயப் பெருநகரின் பார்வையாளர்கள் இங்கே இல்லை. கும்மட்டத்தின் தேவையும் குறைந்தது.

கல்கத்தாவில் கதை மறுபடி மாறுகிறது. கும்பினியின் வங்காளத் தலைவர் ஜாப் சார்னாக் 1693 ஜனவரியில் இறந்தபோது அங்கே கோட்டையும் இல்லை, தேவாலயமும் இல்லை. மருமகன் சார்லஸ் அயர் எழுப்பிய கல்லறை எண்கோண வடிவில், வளைவுகளோடு, கிட்டத்தட்டச் சூரத்தின் சாயலில் அமைந்தது. அதன் கல்வெட்டுப் பலகை மட்டும் சென்னையிலிருந்து, பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளின் கருங்கல். நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைப் பலகையை வைத்தே இவ்வகைப் பாறைக்கு 'சார்னாக்கைட்' என்று பெயரிட்டார். ஆக, கும்மட்டத்தோடு ஒட்டிவந்தது காலமோ நாடோ இல்லை. ஆள்பவரா குடியிருப்பவரா என்ற நிலைமை.

சென்னையின் அந்தப் பழைய இடுகாட்டில் வரிசையாகப் பெரிய கல்லறைகள் நின்றிருந்தன. 1758-59இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அக்கல்லறைகள் எதிரிக்கு ஒளிந்து சுடும் மறைப்பாகப் பயன்பட்டன. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயரே அவற்றை இடித்துத் தள்ளினார்கள். ஹின்மர்-யேல் தூபியும் பௌனி குடும்பத்தின் நிலவறையும் மட்டும் மிஞ்சின. பெயர் பொறித்த பலகைக் கற்களைப் பெயர்த்து வண்டியேற்றிக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். ஹைதர் அலியின் படை அச்சுறுத்திய நாட்களில் சில கற்கள் கொத்தளத்தில் பீரங்கிகளுக்கு அடிக்கல்லாயின. பிறகு எல்லாம் புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பரப்பப்பட்டன. இன்றும் அங்கே தேவாலய வாசலுக்குப் போகிறவர்கள் அவற்றின்மேல் நடந்துதான் போகிறார்கள்.